மானுக்குக் கிட்டே போவது

ஜூலை 5, சனி

புழுக்கம். காலையிலேயே சட்டை நனைந்தது. ஈக்காட்டுத்தாங்கல் வில் பயிற்சிக்கூடம். அம்புகள் எல்லாம் குறி அட்டையின் மஞ்சள் வட்டத்தில். எனக்கே கொஞ்சம் தலைக்கனம்.

படம் எடுத்து யூசுஃபுக்கு அனுப்பினேன். மனைவி ஷமீமின் தம்பி. அமெரிக்காவில், மலைப்பக்க ஊர். செப்டம்பரில் எல்க் வேட்டைக்கு என்னையும் கூட்டிப் போகிறான். எல்க் என்றால் நம் கடமானைவிடப் பெரிய மான். அங்கே சட்டப்படி அனுமதி உண்டு, குலுக்கலில் விழ வேண்டும். வருஷா வருஷம் எங்கள் இருவர் பேரையும் சேர்த்துப் போட்டு, இப்போதுதான் விழுந்திருக்கிறது.

"அட்ட ஓடாது மச்சான்" என்று பதில். அங்கே எல்லோரும் ஊர்ப்பக்கத்துச் சின்ன மானை வேட்டையாடிப் பழகிவிட்டுத்தான் எல்க்குக்குப் போவார்களாம்.

இங்கே மான்மேல் கை வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனால் அடையாறு பக்கம் நான் வேலை பார்க்கும் கேம்பஸில் புள்ளிமான் நிறைய. வில் இல்லாமல், கிட்டே போக மட்டும் பழகலாம். மலையில் நான் ஒரு சுள்ளியை மிதித்தால் போதும், அவன் காத்திருந்ததெல்லாம் போச்சு. அந்தப் பயம்.

ஜூலை 8, செவ்வாய்

டியூட்டிக்கு முன். ரப்பர் செருப்பு. சோப்பு இல்லை, சாம்பிராணி இல்லை. முகப்பவுடர் ஊதிக் காற்றுப் பார்த்தேன். மேற்கிலிருந்து. கிழக்கே சுற்றிப் போனேன்.

பம்மிப் பம்மிப் போனால், கொம்புள்ளது ஒன்று நேரே வந்து என் பையை மோந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் பிஸ்கட் கொடுத்துப் பழக்கிய ஆள்.

ஷமீமுக்குச் சிரித்து மாளவில்லை. "அதுக்கு நீங்க வேட்டக்காரர் இல்லீங்க, டீக்கட."

இனி பின்னால் முள்காட்டுப் பக்கம். அங்கே இருப்பவைதான் மிரளும்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்மா முடிந்து நேரே முள்காடு. பாதி தூரம் நன்றாகத்தான் போனது. காற்று சட்டென்று திரும்பியது. ஒரு மான் காலைத் தரையில் தட்டியது, கத்தியது, மொத்தக் கூட்டமும் மாயம்.

காலரை மோந்தேன். அத்தர். கல்யாணமானதிலிருந்து வெள்ளிக்கிழமை ஷமீம் தன் கையால் தடவிவிடுவாள். வேண்டாம் என்று சொல்ல மனசில்லை. இன்று சொன்னதும் கோபப்படவில்லை. மானை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னாள். மின்விசிறி ரெகுலேட்டர் ரிப்பேர்.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். சருகு நனைந்து சத்தமே இல்லை.

நேற்று யூசுஃப் ஞாபகப்படுத்தினான்: அம்பு விடும்போது பிஸ்மில்லா சொல்ல வேண்டும், அப்போதுதான் ஹலால்.

இன்று ஒரு பெண்மான். எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம்தான் இடைவெளி. அதற்குத் தெரியவே இல்லை. முதல் தடவை! வெறுங்கையால் வில்லை இழுப்பதுபோல் இழுத்தேன். தோளுக்குப் பின்னால், சரியான இடம். அது மென்றுகொண்டிருந்தது. காதில் ஈ.

பிஸ்மில்லா சொல்லப் போனேன். நாக்கு எழவில்லை. பக்ரீதுக்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான் நான். ஆனாலும். வெட்கம், அழுகை இரண்டும்.

யூசுஃபைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். நான் வந்தால் கெடுத்துவிடுவேன், வேறு ஆளோடு போ என்றேன்.

"வார்த்த வராமயே அம்ப வுடுறவன்கூடதான் மச்சான் நான் போமாட்டேன். நீ வா. அங்கயும் வரலன்னா, ரெண்டு பேரும் பாத்துக்கினு திரும்பிடலாம்."

இத்தனை வருஷம் காத்திருந்தவன் சொல்கிறான்.

டிக்கெட் போட்டாச்சு.