ஒரே கட்டியில் வேகும் கேக்

மான்சன், மெய்ன்
செப்டம்பர் கடைசி வாரம்

அன்புள்ள கொரின்,

நானும் அப்பாவும் ஒரு கூரைக்குக் கீழே, உலர்ந்த துணியோடு, சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். இந்த மாதம் நலம் என்றால் எனக்கு அவ்வளவுதான். உலகத்தின் தென்கோடியில் உன் ஹோபர்ட்டில் குளிர் விட்டிருக்கும், அதோடு உன் இருமலும் விட்டிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அன்றைக்கு நீ கோபத்தில் போனைப் பாதியில் வைத்துவிட்டாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை அப்பாவைத் திட்டாதே. முடித்த பிறகு யாரையாவது திட்டியே ஆக வேண்டும் என்றால் என்னைத் திட்டு.

நடுக்குவாதம் வந்த மனிதர் மலைப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார், நீயும் சொன்னாய். ஆனால் ரஸ்ஸல் போன பிறகு அவன் பிறந்தநாளுக்கு அப்பா அந்த ஓடைக்கரைக் குடிலுக்குப் போகாத வருஷமே கிடையாது. உனக்கும் நினைவிருக்கும், நாம் நால்வரும் அங்கே தங்கியிருந்தபோதுதான் உன் தம்பி அந்த உள்ளங்கை அளவு அடுப்பையும் அதற்குள் வைக்கிற வெள்ளை எரிகட்டியையும் பார்த்துவிட்டு, "ஒரே கட்டியில கேக் வேகுமாப்பா? சும்மா அளக்காத. வேகலன்னா அடுப்பு எனக்கு" என்று பந்தயம் கட்டினான். அன்றைக்கு வெந்துவிட்டது. அவன் பனிச்சாலையில் கார் விபத்தில் போன பிறகும் வருஷம் தவறாமல் வெந்தது. மகனோடு பேச அப்பாவுக்கு அந்தப் பந்தயம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது கொரின், அதைப் போய் விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

அப்பாவின் மூட்டை கட்டும் அழகுதான் உனக்குத் தெரியுமே. பல் துலக்குகிற பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்துவிடுவார், வரைபடத்தின் வெள்ளை ஓரத்தைக் கத்தரித்துவிடுவார், தேநீர்ப் பையின் நூலைக்கூடப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பார். மலைவழியில் நடக்கிறவர்கள் யாரும் அவரை வெண்டல் என்று கூப்பிடுவதில்லை, அரை அவுன்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இந்த முறை மருந்துச் சீசா கனம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு, திரும்பி வருகிற காலை வரைக்கும் சரியாக எண்ணி, மாத்திரைகளை ஒரு காகித உறையில் போட்டிருக்கிறார். மேலே ஒன்றுகூட இல்லை. எரிகட்டியும் அதே கணக்குதான். எனக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சீசாவை என் காலுறைக்குள் திணித்துக்கொண்டு போயிருப்பேன்.

பிறந்தநாளன்று மழை குடிலின் சுவரில்லாத பக்கமாகவே சாய்ந்து அடித்தது, தீக்குச்சி நிற்கவில்லை, கேக்கைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. காலையில் பார்த்தால் நாங்கள் தாண்டி வந்த ஓடை கரையைத் தின்றுகொண்டு ஓடுகிறது. கடைசி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் வடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம், வடியவில்லை. பொழுது சாயச் சாய அப்பாவின் உடம்பு மரக்கட்டையாக இறுகிவிட்டது. கையில் கொடுத்த கரண்டியைப் பிடிக்க விரல் மூடவில்லை, பையில் இருந்த ஓட்ஸ் கட்டியைக் கடிக்கத் தாடை திறக்கவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. விறகு எல்லாம் ஊறிக் கிடந்தது. இருந்தது கொஞ்சம் சோளமாவும் பால்பொடியும் சர்க்கரையும் ஒரே ஒரு எரிகட்டியும்தான். கொரின், நான் அன்றைக்குப் பயந்ததுபோல என் ஆயுளில் பயந்ததில்லை.

இந்தக் கட்டியில கஞ்சி காய்ச்சித் தரேன், குடி என்றேன். "அது ரஸ்ஸலோடது, தொடாத" என்கிறார், குரலே வரவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "ரஸ்ஸல் இங்க இருந்தா உன் வாயிலதான் மொதல்ல ஊத்துவான், பிடிவாதம் பிடிக்காத மனுஷா" என்று கத்தினேன். "கேக்" என்றார். அதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, அழுதுகொண்டே மாவை எடுத்தேன்.

எல்லாம் அவர் செய்கிற மாதிரியேதான் செய்தேன். சட்டியின் அடியில் கூழாங்கல், அதன் மேல் ஒரு வாய்த் தண்ணீர், அதற்குள் மாவுக் கிண்ணம், மூடிக்கு மேல் ஒரு கல். தீ நாக்கு நீட்டாமல் நின்று எரிய எரிகட்டியைச் சுற்றி ஈயத்தாளை வளையமாக மடித்து வைத்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிச் செய்தேன். அவர் திரும்பிப் படுத்திருந்தபோது மாவில் இன்னும் தண்ணீர் ஊற்றினேன், நிறையவே ஊற்றினேன். கெட்டியாக வெந்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. ஊற்றும்போது பந்தயம் என் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் அது பொய்.

கட்டி எரிந்து தீர்ந்ததும் சட்டியைக் கம்பளித் தொப்பிக்குள் சுற்றி வைத்துவிட்டுத் திறந்தேன். ஓரம் மட்டும் பிடித்திருந்தது, நடுவில் கூழ். கரண்டி கரண்டியாக ஊட்டினேன், இறங்கியது. அடியில் கொதித்த தண்ணீரையும் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். உதட்டில் நிறம் வந்த பிறகுதான் பேசினார். "வேகல" என்றார். ஆமா, வேகல என்றேன். "அப்ப அவன் ஜெயிச்சுட்டான்" என்றார். முகம் இறுகிப் போயிருந்ததால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் இறங்கி, அக்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள், நடைவழியில் அவளுக்கு ரெட்டைக் கரண்டி என்று பெயர், எதையும் இரண்டாகச் சுமக்கிறவள். அவள்தான் ரோடு வரைக்கும் ஓடி ஆட்களைக் கூட்டிவந்தாள். அப்பாவைக் கிடத்திய தூக்குப்படுக்கையைத் தூக்கும்போது ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, "அரை அவுன்ஸ்னு பேர் வெச்சது யாரு, அரை டன் இருக்கீங்களே" என்றாள். அப்பா, "உன் ரெண்டாவது கரண்டிய எறக்கி வெச்சுட்டுத் தூக்கு" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது மருந்து ஒழுங்காகப் போகிறது, வீட்டுக்குள் நடக்கிறார், தானே சாப்பிடுகிறார். மலைக்கு இனி இல்லை. டாக்டர் மறுபடி அதைச் சொல்வதற்கு முன்பே இவரே சொல்லிவிட்டார். தோத்தவன் அடுப்ப வெச்சுக்கக் கூடாது, ஜெயிச்சவன் இல்லன்னா அவன் அக்காவுக்குத்தான் போகணும் என்றார். அடுப்போடு கிண்ணத்தையும் சேர்த்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறோம். எரிகட்டியை விமானத் தபாலில் எடுக்க மாட்டார்கள், அங்கேயே வாங்கிக்கொள். மாவோடு ஒரே பையில் மட்டும் வைத்துவிடாதே, அதன் மீன் வாடை எல்லாவற்றிலும் ஏறிவிடும். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, எங்கே போனாலும் எதையாவது ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டு போ. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன்னைக் கடவுள் காக்கட்டும். போன் செய்யும்போது நான் ஊற்றிய தண்ணீரைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே.

பார்சல் கட்டும்போது வழக்கம்போலத் தராசை எடுத்து மேஜையில் வைத்தேன். அப்பா அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, நூலை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார்.

உன் அம்மா,
லோயிஸ்