இரண்டாம் பதிப்பு மட்டும்

மார்ச் 4, திங்கள்

பள்ளிப் புத்தகம் அச்சிடக் கேட்டு எங்கள் அச்சகத்துக்கு வந்தவரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "எங்க புரோகிராம் கட்டற்ற மென்பொருள் சார். யாரு வேணா, எதோட வேணா சேத்துக்கலாம்." மகள் கணினியை என் பக்கம் திருப்பினாள். யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பில் நானே தட்டிய வரி: இந்த உரிமத்தின் இரண்டாம் பதிப்பு மட்டும்.

"நாங்க எழுதின புரோகிராமோட இதச் சேக்க முடியாதுப்பா."

பள்ளிக்காரர் இருமினார். எனக்கு இருமல்கூட வரவில்லை.

மார்ச் 5

தெளிவாக எழுதிப் பார்க்கிறேன். பெரிய தாளில் பக்கங்களை எந்த வரிசையில் வைத்தால் மடித்தபின் சரியாக வரும் என்று கணக்குப் போடுவது எங்கள் புரோகிராம். பத்தாவது தாண்டாத நானும் மச்சானும் எழுதியது. பார்வை குறைந்த பிள்ளைகளுக்காக எழுத்தைப் பெரிதாக்கி அடுக்குவது மகளும் தோழிகளும் எழுதியது. அதற்கு அதே உரிமத்தின் மூன்றாம் பதிப்பு; 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்று போட்டதோடு அது சேராது. இரண்டும் சேர்ந்தால்தான் புத்தகம். மாதக் கடைசிக்குள் ஆகாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு வருடமும் மங்கிய நகல்தான்.

"அல்லது பிந்தைய பதிப்பு" என்று, இனி எழுதப்போகும் பதிப்புகளுக்கும் சேர்த்து அன்றே போட்டிருந்தால் இன்றே ஒட்டியிருக்கும். இப்போது மாற்ற, எழுதிய எல்லாரும் சம்மதிக்க வேண்டும். எல்லாரும் என்றால் நான். அப்புறம் மச்சான், என் மனைவியின் தம்பி. நான் வைத்த பட்டப்பெயர் பேரறிவு. நான்கு வருடத்துக்கு முன் இதை வெளியிட்ட நாளிலிருந்து பேச்சில்லை.

மார்ச் 9

மகள் அவனுக்கு எழுதிக் கேட்டாள். ஒரே வரியில் பதில்: "உங்க அப்பா வந்து கேக்கட்டும்."

வரணுமாம். துரை!

மார்ச் 10, ஞாயிறு

போனேன். உட்காரச் சொன்னான், நாற்காலியில் கிடந்த துணிமூட்டையை எடுக்காமலே.

"என்ன மாமா, வழி தவறி வந்துட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"பிந்தைய பதிப்பும்னு போடுங்கன்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு. 'இன்னும் எழுதாத தாள்ல கையெழுத்துப் போட நான் என்ன கேனையனா'ன்னு அச்சகமே சிரிக்கிற மாதிரி கேட்டீங்க."

"நியாயம்தானேடா? நாளைக்கு அதுல எவன் என்ன எழுதுவானோ!"

"அப்ப நியாயத்தோடயே இருங்க. நான் எழுதின வரிக்கெல்லாம் ரெண்டாம் பதிப்பு மட்டும்தான்."

"சின்னப் புள்ளைங்க படிக்கிற விஷயம்டா."

"என் புள்ளைக்கு மூணு வயசாச்சு. ஒரு தடவ வந்து பாத்தீங்களா?"

எழுந்து வந்துவிட்டேன். வீடு சேர்ந்து பார்த்தால் வலது கால் செருப்பு அவனுடையது. இந்த லட்சணத்தில் கோபம் வேறு.

மார்ச் 11

நாசமாப் போகட்டும். அவன் வரிகளை வெட்டிவிட்டு நானே எழுதப் போகிறேன், அப்புறம் அவன் சம்மதம் எதற்கு? "மாமா எழுதினதப் பாக்காம எழுதணும்ப்பா, பாத்து எழுதினா அதுவும் அவரோடதுதான்" என்றாள் மகள். அவன் மூஞ்சியையே பார்க்காதவன், வரியையா பார்க்கப்போகிறேன்?

மார்ச் 19

அவனுடைய முந்நூற்றுப் பன்னிரண்டு வரி போயிற்று. பெரிய எழுத்து என்றால் தடித்த புத்தகம். மடித்தால் உள்தாள்கள் வெளியே பிதுங்கும். ஓரத்தைச் சரிசெய்யும் கணக்கு அவன் போட்டது. என் கணக்கில் பதினேழாம் பக்கம் தலைகீழாக நிற்கிறது. பாவி, எப்படித்தான் போட்டானோ?

மார்ச் 20

இன்று நாற்பத்தொன்றாம் பக்கமும்.

மார்ச் 26

ஓடுகிறது. நொண்டி நொண்டி.

மார்ச் 29, வெள்ளி

முதல் புத்தகம் மடிந்து வந்தது. பள்ளிக்காரர் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றார்.

எழுதியவர்கள் பட்டியலிலிருந்து அவன் பெயரை மகள் எடுத்தாள். பிறகு கேட்டாள்: "உரிமம் என்ன போடட்டும்ப்பா? மூணாம் பதிப்பு மட்டுமா, பிந்தையதுமா?"

"பிந்தையதும் போடு."

"மாமா அன்னைக்கு இதத்தானே சொன்னாரு? அந்த வரிய ஏன்ப்பா கோடு போட்டு அடிச்சீங்க?"

"எழுதாத தாள்ல..." என்று ஆரம்பித்தேன். இந்தத் தடவை இருமல் வந்தது.

அவளிடம் சொல்லாதது: அந்த வரி சரி என்று அன்றைக்கே எனக்கும் பட்டது. அவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். அதனால்தான் அடித்தேன்.