நாளைக்குப் பூக்க வேண்டிய மொட்டு

அக்கா,

காலையில் பஸ் ஸ்டாண்டில் என் மகள் செல்விக்கு மல்லிகை வாங்கினேன். வீட்டுக்கு வந்து இலையைப் பிரித்தால் பச்சை வாடை. பாதிக்கு மேல் பிஞ்சு மொட்டு, ராத்திரி ஆனாலும் விரியாது. உடனே உன் ஞாபகம். எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்குத் தெரியும். இப்போது செல்போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

உன் மருமகள் செல்வி வீட்டிலிருந்தே சாப்ட்வேர் கம்பெனி வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் அவள் குழுவில் எல்லோரும் நின்றுகொண்டே பேச வேண்டும். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன, எங்கே முட்டுகிறது? வேலையைச் சிறு சிறு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யார் எத்தனை புள்ளி என்று பார்ப்பார்கள். செல்விக்கு இறங்கிக்கொண்டே வருகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் பிழையைத் திருத்தவே அவளுக்குப் பொழுது போகிறது. அதற்குப் புள்ளி கிடையாது. இன்று மதியம் மேனேஜர் தனியாகப் பேசுகிறார். வேலை நிற்குமா போகுமா தெரியவில்லை. இட்லி தட்டில் அப்படியே காய்ந்து கிடக்கிறது.

"சின்ன வேலையப் பெரிய வேலைன்னு சொன்னாப் புள்ளி ஏறிரும்ப்பா. எல்லாரும் அதத்தேன் செய்றாக."

"நீயும் சொல்ல வேண்டியதுதான தாயி?"

"சொல்லலாம். புள்ளி ஏறும், பிழையத் திருத்த ஆளில்லாம சாப்ட்வேர் படுத்துரும்."

அப்போதுதான் நாம் வேலை பார்த்த நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டத்தை அவளுக்குச் சொன்னேன். அதிக எடை பறிப்பவருக்குப் பொங்கலுக்குச் சேலை என்றார் முதலாளி. மறுநாளே கூடைகள் கனத்தன. நாளைக்குப் பூக்க வேண்டிய மொட்டையும் சேர்த்து உருவினார்கள். நீ மட்டும் புதுப் பெண்கள் பின்னாலேயே போய், எதைத் தொடலாம் எதை விடலாம் என்று காட்டிக்கொண்டிருந்தாய். உன் கூடைதான் இளைத்தது.

"என்ன ஆத்தா, கை மரத்துப் போச்சா?" என்றார் முதலாளி.

"ஏங் கூடைய மட்டும் நிறுக்காதீக. செடியப் போய்ப் பாருங்க. நாளைக்கு என்னத்தப் பறிப்பீக?"

சாக்குக் கட்டிக்கொண்டிருந்த நான் மலைத்து நின்றேன். "ஏலே, வாயப் பொளக்காமக் கட்டுடா" என்று என்னையும் ஒரு அதட்டு அதட்டினாய்.

செல்வி சிரித்தாள், அக்கா. இந்த வாரத்தில் முதல் சிரிப்பு. "அத்தை செம! அப்புறம் என்னப்பா ஆச்சு?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். அப்புறம் உன்னை வேலையை விட்டு நிறுத்தியதை எந்த வாயால் சொல்ல? செடி மொட்டையாக நின்றபோதும் அவர் உன்னைத் திரும்பக் கூப்பிடவில்லை.

இப்போது அவள் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. மேனேஜரோடு இங்கிலீஷில் ஏதேதோ போகிறது, எனக்குக் குரல் மட்டும்தான் புரிகிறது. நடுவே தமிழில் ஒன்று தெளிவாகக் கேட்டது: "சார், என் புள்ளிய மட்டும் பாக்காதீங்க. நாங்க செஞ்சு குடுத்த சாப்ட்வேர ஓட்டிப் பாருங்க."

நீ பேசியது மாதிரியே இருந்தது.

அவள் வெளியே வரட்டும். எது நடந்திருந்தாலும் மிச்சக் கதையையும் சொல்லிவிடப் போகிறேன். உன்னை நிறுத்தினார்கள். அடுத்த தோட்டத்துக்குப் போனாய். அங்கேயும் பிஞ்சை விட்டுவிட்டுத்தான் பறித்தாய்.

கதவு திறக்கிறது அக்கா. போனை வைக்கிறேன்.