தேவதை போய் எலி வந்தது

மொன்றியல்

இஞ்சருங்கோ,

நான் கீறின எலி பாஸாயிட்டுது! எங்கட சிறுவர் நிகழ்ச்சி ஸ்பானிஷில போகப்போகுது, அதுக்கேத்த மாதிரிப் படங்களை மாத்திக் கீறிறது நான்தான். விழுந்த பல்லைத் தேவதை எடுக்கிற காட்சியை அப்பிடியே விட்டிருந்தன். வசனம் எழுதிற மெக்சிக்கோக்காரி லுப்பே விழுந்து விழுந்து சிரிச்சாள்.

"எங்கட பிள்ளையளுக்கு எலியெல்லோ வரும்! உங்கட ஊரில?"

"கூரையில எறிவம், அணில் எடுக்கும்" எண்டன். சொல்லேக்கையே எங்கட மேனுகாவின்ர நினைப்பு வந்திட்டுது.

பல் ஆடுதெண்டு போனில சொன்னவள். விழுந்தால் எறிஞ்சிடாதேங்கோ. வெள்ளிக்கிழமை டொரொண்டோ பஸ்ஸில வாறன். உங்கட கூரை உயரம். நீங்கள் பிள்ளையைத் தூக்குங்கோ, நான் அணிலைக் கூப்பிடுறன்.

மொன்றியலுக்குத் திரும்பி வாற டிக்கெட் இன்னும் எடுக்கேல்லை.

இப்படிக்கு,
உங்கட மகளின்ர அம்மா