பெத்துராஜுக்குச் சொன்ன பதில்

சங்கரன்கோவில்,
22.8.88

அன்புள்ள தேவமணி அண்ணாச்சிக்கு,

மருதப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். கை அந்த வார்த்தைக்குப் போகமாட்டேன் என்கிறது. இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டில்காரரை எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று டாக்டர் சொல்லியும் நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை என்று தெரிந்துகொண்டேன். ஜெபம் பண்ண வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டீர்களாம். கடைசியில், "ஏலே மருதப்பா, சாமி இல்லைன்னு சொல்லிக்கிட்டு அங்கன எப்படிலே இருந்தே? எனக்கும் சொல்லிக்குடு" என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் என்னை ஜெபத்துக்கு இழுத்தவர் நீங்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்புதான் வரவில்லை.

என் மனைவி முத்துமாரி இறந்ததை ஒரு கார்டில் எழுதியிருந்தேன். எப்படி என்று எழுதவில்லை. ஆடித்தபசுக்குக் கொடியேறிய அன்றே எனக்காக ஆடிச்சுற்று தொடங்கியிருக்கிறாள். நான் இலங்கையிலிருந்து உயிரோடு திரும்பினால் போதும் என்று, கோயிலை நூற்றெட்டுத் தடவை சுற்றுவதாக நேர்ந்திருக்கிறாள். எண்ணிக்கை தப்பாமல் இருக்கப் புளியங்கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாக எடுத்துப் போட்டிருக்கிறாள். பாதியில் காய்ச்சல் வந்தது. கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசினார்கள். பாளையங்கோட்டைக்கும் கொண்டுபோனார்கள். டாக்டர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. மூளைக்காய்ச்சல். குற்றம் சொல்ல ஓர் ஆள் தேடினேன். சாமியும் அகப்படவில்லை, டாக்டரும் அகப்படவில்லை. ரேடியோ செட் என்றால் எந்தப் பாகம் போயிற்று என்று பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் விசைத்தறி ஓடுகிறது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். இப்போது அது "கேட்டுச்சா, கேட்டுச்சா" என்று ஓடுகிறது. கரண்டு போனாலும் எனக்கு மட்டும் நிற்பதில்லை. அது நம் பெத்துராஜ் கடைசியாகக் கேட்ட கேள்வி. அன்று உங்களுக்குப் பாதி நினைவுதான் இருந்தது. அதனால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

ரோந்துக்குப் புறப்படும் முன்பு அவன் வழக்கம்போல கோமதியம்மன் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டான். என் ரேடியோவிலும் ஒரு பொட்டு வைத்தான். "நீ நம்பாட்டி போ, உன் செட்டாவது நம்பட்டும்ல" என்றான். நீங்கள், "கர்த்தர் காப்பாரு. இந்த நாத்திகப் பயலையும் சேத்துத்தாம்ல" என்றீர்கள். வழியில் செட்டில் எதிர்ப்பக்கத்துப் பேச்சு கொஞ்சம் விழுந்தது. அடிபட்ட ஒருவன் "முருகா, முருகா" என்று முனகினான், நம் தமிழில். ஹெட்போனைக் கழற்றிவிடும்படி நீங்கள்தான் சொன்னீர்கள்.

அதன் பிறகுதான் கண்ணிவெடி. பெத்துராஜின் தலை என் மடியில் இருந்தது. வயிற்றை நான் பார்க்கவில்லை. நீங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் கிடந்தீர்கள். ரேடியோவில் வெடித்துண்டு பாய்ந்து உயிரே இல்லை. அவன், "மருதப்பா, கோயிலுக்கு ஒரு லைன் போடுல" என்றான். செத்த செட்டின் ஹெட்போனை அவன் காதில் வைத்து, மைக்கை வாயருகே பிடித்தேன். அவன் அம்மனிடம் பேசினான். திருவேங்கடத்தில் ஆத்தா ஒத்தையில் இருப்பாள், கரிசல் நிலத்தில் மழைக்கு முன்னால் உழவு போட வேண்டும், அதற்காகவாவது என்னை அனுப்பு என்றான். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டுச்சால?" என்றான்.

எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான், அண்ணாச்சி. காதில் விழாத செய்தியை விழுந்தது என்று சொல்லக் கூடாது. அந்த ஒரு பொய்யில் ஒரு கம்பெனியே செத்துப்போகும். நீங்கள்தான் கண்ணைத் திறந்து, "கேட்டுச்சுன்னு சொல்லுல, பாவி" என்றீர்கள். "கேட்டுச்சுல, பதிலும் வந்துட்டு" என்றேன். "என்ன சொன்னா?" என்றான். எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. "வீட்டுக்கு வந்து சேருன்னு சொன்னா" என்றேன். அவன் முகம் தெளிந்தது. அப்படியே இருந்துவிட்டது.

நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது காடாற்றும் முடிந்திருந்தது. முத்துமாரியின் அம்மா சங்கரம்மாள் அத்தை ரொம்ப நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு கழிந்த பிறகுதான் சொன்னார். முத்துமாரி கடைசியில், "அவுககிட்ட இருந்து கடுதாசி வந்துட்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நான் அந்த மாதம் எழுதியிருக்கவில்லை. அத்தை ஒரு பழைய கடிதத்தைக் கையில் கொடுத்து, "வந்துட்டு மக்கா, வாரேன்னு எழுதியிருக்காக" என்றாராம். அவள் முகமும் தெளிந்ததாம். "நான் பொய் சொல்லிட்டேன் மாப்ள" என்று அத்தை அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல என் மடி கனத்தது.

மறுநாள் அவளுடைய சோப்பு டப்பாவில் மீந்திருந்த புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தபசு முடிந்து வெகுநாளாகிறது, இப்போது சுற்றிப் பலனில்லை என்று அத்தையே சொன்னார். நான் பலனுக்குப் போகவில்லை. வாரேன் என்று என் பேரில் ஒருவர் சொல்லிவிட்டார். போகாமல் எப்படி இருப்பது? பிராகாரம் காலியாகக் கிடந்தது. நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் பின்னால் மெட்டிச் சத்தம் வந்தது. கல்மண்டபத்தில் எதிரொலி வரும், எனக்குத் தெரியும். ஆனால் என் காலடியின் எதிரொலி என் நடைக்குத்தானே வர வேண்டும்? இது அவள் நடைக்கு வந்தது. நான் நின்றால் இன்னும் ஓர் அடி வைத்துவிட்டு நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டை எல்லாம் தீர்ந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

என் பேரில் சொன்னதற்கு நான் போய் நின்றுவிட்டேன். அம்மன் பேரில் நான் சொன்னதற்கு யார் போய் நின்றார்கள் என்பதுதான் தெரியவில்லை. பெத்துராஜின் ஆத்தாவைப் பார்க்கத் திருவேங்கடம் பஸ்ஸில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறையும் பாதியில் இறங்கிவிட்டேன்.

நேற்று புளியங்குடியிலிருந்து ஞானதீபம் மதினி வந்திருந்தார். ஒரு பை எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஒத்தக் காலோட வந்தாலும் அவுக வந்தாப் போதும் தம்பி. நீங்க சொன்னா கேப்பாக" என்றார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சாமி இல்லை என்று நான் தனியாக இருக்கவில்லை, அண்ணாச்சி. நீங்களும் பெத்துராஜும் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவன் போய்விட்டான். நீங்களும் விட்டுவிட்டால் நான் யாரிடம் போய் இல்லை என்று சொல்வேன்? சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. நம்புங்கள் என்றும் சொல்லமாட்டேன், அந்த வார்த்தைக்கு எனக்கு உரிமை இல்லை. காலை எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு நம்பிக்கை வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும்.

லீவு முடிவதற்குள் சென்னைக்கு வந்து உங்களைப் பார்ப்பேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் எழுத வேண்டாம். நீங்கள் நன்றாக இருப்பதாக மதினியோ வேறு யாருமோ எனக்கு வந்து சொல்லவும் வேண்டாம். இரண்டு வரி போதும், கோணல்மாணலாக இருந்தாலும் சரி, உங்கள் கையால் எழுதியதாக இருக்கட்டும்.

கர்த்தர் காப்பார் என்று நீங்கள் சொல்வதை இங்கே நான் எழுதிவைக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
மருதப்பன்