வாசலில் தழை போடாத உயிர்ப்பு ஞாயிறு

அன்பு மகள் லியொகாதியாவுக்கு அம்மா எழுதுவது. உயிர்த்த ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. இங்கே வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகத்தை நீயே எழுதிவிட்டாய், ஆகவே நான் கேட்கப்போவதில்லை.

உன் கடிதத்தை உட்கார்ந்து ஒரு முறையும், கோபத்தில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே ஒரு முறையும் படித்தேன். உன் புருஷன் நொர்பேர்த்து இன்னொருத்தியோடு போனது எனக்கு அதிர்ச்சி இல்லை. நிச்சயதார்த்த விருந்தில் தன் கோப்பையை நிரப்பிக்கொண்டு உன் கோப்பையைக் காலியாக விட்டபோதே சொன்னேன், உன் அப்பா மேசைக்கு அடியில் என் காலை மிதித்து வாயை அடைத்தார். அவனுக்குரியதை ஆகஸ்டில் ஊர்த் திருவிழாவுக்கு வந்தானானால் நேரிலேயே கொடுத்துக்கொள்கிறேன். என் கோபம் உன் கடைசிப் பக்கத்தின் மேல். அவன் போன நாளிலிருந்து செபத்தை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இயேசுவுக்கு முன்னால உக்காந்தா வாயில வசவுதான் வருதும்மா, இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவர்கிட்டப் போக முடியல, மனசு அடங்கட்டும், அப்புறம் பாக்கலாம் என்கிறாய். லக்சம்பர்க்கில் உங்கள் செபக்குழுவில் இயேசுவோடு நெருங்கிய உறவில் வளர்வது எப்படி என்று மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து வாராவாரம் பேசினீர்களே, இதற்குத்தானா? நல்ல முகம் இருக்கும் நாளில் மட்டும் போய்ப் பார்ப்பதற்கு உறவு என்று பெயர் வைக்காதே. பல் மருத்துவரைக்கூட வலி இருக்கும்போதுதான் பார்க்கிறோம்.

இந்த உயிர்ப்பு ஞாயிறு இங்கே நடந்ததைச் சொல்கிறேன், ஊரார் வாயிலிருந்து உனக்கு வருவதற்கு முன்னால் என் கையெழுத்தில் வரட்டும். இந்த வருடம் வீட்டார் முத்தமிட வீடு வீடாகச் சிலுவையைச் சுமந்து வரும் முறை அபீலியுவுக்கு என்று பெரிய வெள்ளியன்றுதான் தெரிந்தது. போன கோடையில் என் முறைத் தண்ணீரை மடை மாற்றித் தன் சோளத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, என் சோளம் நின்றபடியே காய்ந்ததை வேலியோரம் நின்று பார்த்தவன் அவன். அவன் தோளில் வரும் சிலுவைக்கு என் வாசலில் பூப் போடுவதா? போடவில்லை. வாசலில் தழையும் பூவும் போடாத வீட்டுக்கு வரவேற்க மனசில்லை என்று அர்த்தம், அங்கே ஆண்டவரை வலுக்கட்டாயமாக நுழைக்காதீர்கள் என்று பங்குக் கூட்டத்தில் பேசிச் சட்டமாக்கியவள் நான்தான். ஆகவே கதவைத் தாழிட்டுவிட்டு, அடுக்களையில் ஏப்ரனோடு உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். ஊர்வலத்தின் மணிச் சத்தம் மேட்டில் ஏறி வந்தது, என் வாசலில் ஒரு நொடி நின்றது, பிறகு கீழே இறங்கிப் போனது. அவ்வளவுதான். ஐம்பது வருடமாக இந்த வீட்டுக்குள் வந்தவர், உன் அப்பா செத்த வருடம்கூட வந்தவர், ஒரு வார்த்தை கேட்காமல் போகிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

தெருவுக்கு ஓடினேன். அவர எங்க கொண்டுபோறீங்க என்று நான் போட்ட சத்தத்தில் ஊர்வலமே திரும்பி நின்றது. அபீலியு சிலுவையை இறக்காமலே, வாசல்ல ஒரு எலகூட இல்லியே எர்மெலிந்தாம்மா, சட்டம் நீங்க போட்டதுதானே என்றான். உனக்குப் போட்ட சட்டத்த எதுக்குடா அவர் தலையில கட்டுற என்றேன். மணி ஆட்டிக்கொண்டிருந்த சுல்மீரா, மொதல்ல இன்னொரு கால்லயும் செருப்பப் போட்டுக்கிட்டு வந்து சண்ட போடுங்கம்மா, நாங்க நிக்கிறோம் என்றாள். குனிந்து பார்த்தேன், ஒரு காலில்தான் இருந்தது. மறு செருப்பைத் தேடவில்லை. உன் அப்பா நட்ட கமேலியாச் செடியைக் கொப்புக் கொப்பாக ஒடித்து வாசற்கல்லில் எறிந்தேன். வாங்க, வந்து தொலைங்க என்றேன். ஆண்டவரைப் பார்த்துத்தான் சொன்னேன், மற்றவர்கள் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் சரிதான்.

உனக்குத் தெரியும், ஒவ்வொரு உயிர்ப்பு ஞாயிறும் நான் எப்படி நிற்பேன் என்று. கறுப்புப் பட்டு, மேசையில் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு, கேக், ஒயின், மடத்துச் சகோதரிகள் கற்றுக்கொடுத்த வரவேற்புச் செபம் ஒரு சொல் பிசகாமல். இந்த முறை கழுவாத காபிக் கோப்பையும் பூண்டு வாசனையும்தான் அவரை வரவேற்றன. வீட்டுக்குப் பெரியவள் என்று சிலுவையை என் கையில் கொடுத்தார்கள். சிலுவையில் அவர் பாதத்தில் முத்தமிடக் குனிந்தேன், செபம் வரவில்லை. என் வீட்டுக்கு வர உமக்கு வேற தோளே கெடைக்கலியா என்று கேட்டேன். மனசுக்குள் கேட்டதாக நினைத்தேன், எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. சுல்மீரா மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அபீலியுதான் வாயைத் திறந்தான். நானும் காலைலேருந்து அதையேதான் அவர்கிட்டக் கேட்டுக்கிட்டு வர்றேன், அந்தம்மா வாசலுக்கு என்ன ஏன்யா இழுத்துட்டுப் போறீருன்னு என்றான். அவன் சட்டை தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. முறைப்படி எனக்கு அடுத்து முத்தமிட வேண்டியவர்கள் வீட்டிலுள்ளவர்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? சிலுவையின் பாதத்தை அவன் பக்கம் நீட்டினேன். முத்தமிட்டான். ஏப்ரன் நுனியால் துடைத்தேன்.

அபீலியுவை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், அது பொய்யாகும். ஜூனில் தண்ணீர் முறை ஆரம்பிக்கும்போது மண்வெட்டியோடு மடையில் நிற்பேன், அதை ஆண்டவரிடமே சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் காலைக் காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அபீலியுவை, முழங்காலை, உன் புருஷனை, இத்தனை சீக்கிரம் உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டதை. இத்தனை வருடம் பட்டு உடுத்தி வாசலறையில் மட்டும் உட்காரவைத்து உபசரித்தவருக்கு இப்போது அடுக்களையில் முக்காலி. வசதிக் குறைவு என்று எழுந்து போகவில்லை.

ஆகவே உனக்கு மனசு அடங்கும்வரை காத்திருக்காதே, அது அடங்காது, நீ என் வயிற்றில் பிறந்தவள். இன்றைக்கே போய் உட்கார். வாயில் வருகிற வசவை அவர் முகத்துக்கு நேராகச் சொல், அழுகை வந்தால் மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே சொல். சொல்லி முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஓடாதே, அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது. அதற்கு முந்தி எனக்குக் கடிதம் வேண்டாம்.

பரிசுத்த மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக்கொள்ளட்டும், பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை வரைந்துவிடு. ஆகஸ்டில் வரும்போது கமேலியாச் செடி மொட்டையாக நிற்கும், அதைப் பார்த்து ஒன்றும் சொல்லாதே.

கோபம் தீராத உன் அம்மா,
எர்மெலிந்தா