கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த டோக்கன்

கடைசி ஷிஃப்ட்டும் முடித்துக் கிளம்பிப்போன என் அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வந்து நிறுத்திக்கொண்டேன். நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். நாங்கள்தான் இங்கே படாத பாடு படுகிறோம். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அம்மா இருக்கிறாள். பதறாதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம், தம்பி டேனி உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்தான். தங்கச் சுரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போன பூட்ஸ், கிழிந்த பெல்ட், அதற்கடியில் அந்தப் பித்தளை டோக்கன். ஷிஃப்ட்டுக்கு இறங்கும்போது வாங்கிக்கொண்டு, மேலே ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பீர்களே, அதுதான். யார் மேலே வந்தார்கள், யார் இன்னும் கீழே இருக்கிறார்கள் என்று ஆபீஸ்காரர்கள் பார்ப்பதற்காக நம்பர் அடித்துக் கொடுத்த வில்லை. சுரங்கத்தை மூடியபோது அதைத் திருப்பிக் கேட்க ஆளில்லை. நீங்களும் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

அம்மா அதைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கீழ பாறை வெடிச்ச அன்னிக்கி உங்கப்பா பையில இதுதாண்டா இருந்துச்சு. இதோடதான் உசுரோட மேல வந்தாரு" என்றாள். அதுவரைக்கும் சரி. புருஷன் ஞாபகம். நானும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவள்தான்.

அப்புறம் டேனியின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா டோக்கனை எடுத்து நெற்றியில் வைத்தாள். காய்ச்சல் இறங்கியது. மாத்திரையும் கொடுத்திருந்தோம், ஆனால் பேர் என்னவோ டோக்கனுக்குத்தான் போனது. பிறகு டேனி அதைப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனான், வேலை கிடைத்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். ஆண்டர்சன்பேட்டையில் சொல்லி ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே சிவப்பு வெல்வெட் விரித்து, குட்டி பல்பு ஒன்றும் மாட்டிக் கொண்டுவந்தான். தினமும் மெழுகுவர்த்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகைச் சரம். நம் லைன் வீடுகளில் இருக்கிறவர்கள் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை அழைத்துவந்து தொட்டுக்கொள்ள வைத்தார்கள்.

மாரியம்மன் திருவிழாக் கூழ் வருகிறது என்றால் வாசல் கதவைச் சாத்திக்கொள்கிற அம்மா இது! பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அத்தை ஆசையாகக் கொடுத்த சுண்டலைக் காக்காய்க்குப் போட்டவள். "கல்லுக்குப் படைச்சது நமக்கு எதுக்குடி?" என்பாள். அதே அம்மா பித்தளைக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கிறாள். போதகர் வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும், சுவரிலிருந்து வசனக் காலண்டரைக் கழற்றிப் பெட்டிக்கு முன்னால் மாட்டிவிடுவாள். வேத வசனத்தை வைத்தே விக்கிரகத்தை மறைத்த குடும்பம் கே.ஜி.எஃப்.பில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்களா, இல்லை பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருப்பீர்களா?

நான் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். "டோக்கன் சாமிக்கு இன்னிக்கி இன்னா பலகாரம்?" என்று கேட்டால் அம்மா முறைப்பாள். "உனக்கு எல்லாமே இளப்பம்டி" என்பாள். விட்டுவிட்டேன். யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், பெட்டி காலியாக இருந்தது. பல்பு மட்டும் எரிகிறது. எங்கே என்று கேட்டதற்கு அம்மா மழுப்பினாள். விடாமல் கேட்டபோது, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் காட்டினாள். இடது மார்பில் ஒரு கட்டி. அதன்மேல் டோக்கனை வைத்துக் கட்டியிருந்தாள்.

"எத்தினி நாளாம்மா இது?"

"கொஞ்ச நாளாத்தான். கரைஞ்சிக்கினு வருது."

"நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம், கெளம்பு."

"உங்கப்பாவ பாறைக்கடியிலேர்ந்து கொண்டாந்தது, இத கரைக்காதா? ஆஸ்பத்திரிக்குப் போனா இதுமேல நம்பிக்க இல்லேன்னு ஆயிடும். அப்புறம் அது வேல செய்யாது."

கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டேனியைக் கூப்பிட்டுச் சொன்னால், "அம்மா மனச நோகடிக்காதக்கா" என்று ஒதுங்கிக்கொண்டான். அவனுக்கும் பயம்தான். கட்டி கரையவில்லை, அம்மாதான் இளைத்துக்கொண்டே போனாள். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இதெல்லாம் எப்படி முடிந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கும்போது முடிச்சு அவிழ்ந்து, டோக்கன் குளியலறை ஓட்டை வழியாகச் சாக்கடைக்குள் போய்விட்டது. அம்மா போட்ட கூச்சலில் லைனே கூடிவிட்டது. டேனி ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு சாக்கடைக்குள் கையை விட்டான். கஸ்தூரி அத்தை ஓடிப்போய்க் கடப்பாரை கொண்டுவந்து கல்லைப் பெயர்த்துக் கொடுத்தாள். அம்மா ஈரத் தலையோடு நின்றுகொண்டு, "பாத்துடா, பாத்து! அதுக்கு அடி பட்டுடப் போவுது!" என்று தவிக்கிறாள். மகன் கையில் கல் கிழித்து ரத்தம் வருகிறது, அது அவள் கண்ணில் படவில்லை.

ஒருவழியாக எடுத்தான். நாற்றம் தாங்கவில்லை. துணி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். நம்மைக் காப்பாற்றுகிற சாமி, சாக்கடையில் விழுந்தால் தானாக எழுந்துவரத் தெரியாமல் கிடந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கஸ்தூரி அத்தையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறை வெடித்த அன்றைக்கு உங்களோடு கீழே ஒரே லெவலில் வேலை செய்து, உயிரோடு மேலே வராத முனிரத்தினம் மாமாவின் மனைவி. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள்.

"ராஜம்மா, கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதே. எங்க வூட்டுக்காரரு பையிலயும் ஒண்ணு இருந்துச்சே. அவரோட சேத்துதான் என் கையில குடுத்தாங்க."

குத்திக் காட்டவில்லை அப்பா. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அம்மா துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆராதனைக்குக் கோயில் மணி அடித்தது, எழவில்லை. வெயில் ஏறியபிறகு என்னைக் கூப்பிட்டாள். "உங்கப்பா அன்னிக்கி வீட்டுக்கு வந்து இன்னா சொன்னாரு தெரியுமாடி?" என்று ஆரம்பித்தாள். எங்கள் யாரிடமும் நீங்கள் சொல்லாதது.

"இருட்டுல முனிரத்தினம் அவன் சாமிய கூப்ட்டான், நான் கர்த்தர கூப்ட்டேன்னாரு. கொஞ்ச நேரத்துல அவன் சத்தம் நின்னுடுச்சாம். நானும் மேல வருவேன்னு அப்ப நெனக்கவேயில்ல ராஜம்மா, ஆனா தனியா இல்லேன்னு மட்டும் தெரிஞ்சுதுன்னாரு. மேல வந்தப்புறம் தோணினது இல்லியாம். கீழ இருக்கசொல்லோவே தெரிஞ்சுதாம். டோக்கன பத்தி ஒரு வார்த்த சொல்லலடி அவரு. நாந்தான் சொல்லிக்கினேன். அவரு போனப்புறம் வீடே வெறிச்சினு இருந்துச்சு. கையில புடிச்சிக்க ஏதாவது ஒண்ணு வேணும்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். உங்கள் அடக்கத்தில்கூட அப்படி அழவில்லை. அவளைக் கேலி செய்த நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

எனக்கு ஒன்று இன்னும் விளங்கவில்லை. முனிரத்தினம் மாமாவும்தானே கூப்பிட்டார்? நீங்கள் வந்தீர்கள், அவர் ஏன் வரவில்லை? ஜெபத்தையும் ஒரு டோக்கன் மாதிரி எண்ணினால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. நாம் சொன்னதை அது செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் விக்கிரகத்தைத் துடைத்துப் பூ வைக்கிறோம். கர்த்தரை அப்படிப் பையில் போட்டுக்கொள்ள முடியவில்லை. அவரை நம்பத்தான் முடிகிறது, அதுவும் பல நாள் கஷ்டப்பட்டுத்தான்.

மறுநாளே அம்மா என்னோடு பெங்களூருக்கு ரயிலேறினாள். கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கெட்ட கட்டிதான், கேன்சர். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம், ஆனாலும் பார்க்கலாம்" என்றார் டாக்டர். கண்ணாடிப் பெட்டியில் இப்போது அம்மாவின் மாத்திரைகள் இருக்கின்றன, பல்பைக் கழற்றிவிட்டோம். டோக்கனை டேனி இரும்புப் பெட்டியில் உங்கள் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டான். சில நாள் யாருக்கும் தெரியாமல் பெட்டியைத் திறந்து தொட்டுவிட்டு வருகிறான் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. கஸ்தூரி அத்தையின் சாமியைப் பற்றி அம்மா இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. தன் வீட்டில் இருந்ததைப் பார்த்தபிறகு எப்படித் திறப்பாள்?

இன்று காலை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நர்ஸ் வந்து கழுத்துச் சங்கிலி, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுத்தாள். உடம்பில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டாள். "ஏனூ இல்லம்மா" என்று அம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"பயமா கீதுடி."

"ஜெபம் பண்ணட்டுமாம்மா?"

"பண்ணு. பொழைக்க வைய்யின்னு கேளு. ஆனா பொழைக்க வச்சாத்தான் நீ கர்த்தருன்னு சொல்லாத."

அப்படித்தான் ஜெபம் பண்ணினேன். அம்மா ஆமென் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது.

அம்மாவைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று உங்களுக்கு எழுத இதற்குள் எத்தனையோ தடவை பேனா போய்விட்டது. எழுதவில்லை. உங்களைச் சாமியாக்கிவிட்டால் எனக்கு அப்பா இல்லாமல் போய்விடுவீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்டாகிவிட்டது. உங்களுக்கு வீட்டுச் செய்தி மட்டும்தான்.

இந்தக் கதவு திறந்து என்ன செய்தி வரும் என்று தெரியாது. எது வந்தாலும் நான் கர்த்தரை விட்டுப் போகமாட்டேன் அப்பா. இது என் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
வாய்த்துடுக்கு இன்னும் முழுதாக அடங்காத எஸ்தர்